தீண்டப்படாத கடற்கரை

சுற்றுலா வியாபாரியின் அகராதியில் ஒரு சொல் இருக்கிறது: 'தீண்டப்படாத'. தீண்டப்படாத மணல், தீண்டப்படாத காடு, தீண்டப்படாத தீவு. அந்தமானுக்கு ஆள் பிடிக்கிற விளம்பரம் எதை எடுத்தாலும் இந்தச் சொல் கண்ணில் படும். நம் நெற்றியில் பச்சை குத்திய அதே சொல்தான். மனுஷனுக்கு வைத்தால் இழிவு. மணலுக்கு வைத்தால் ஒரு ராத்திரிக்குப் பதினான்காயிரம் ரூபாய்.

பதினான்காயிரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கொடுத்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். நான் வங்கியில் எழுத்தர். எங்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒரு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. போகவர டிக்கெட் காசு நிர்வாகம் தரும், தங்குகிற செலவு நம் தலையில். மழைக்காலத் தள்ளுபடியில் ஹேவ்லாக் தீவில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நானும் என் துணைவியும் இரண்டு ராத்திரி தங்கினோம். மற்ற நாட்களுக்குத் துறைமுக ஊரில் சாதா லாட்ஜ். கணக்குப் பார்க்கிற புத்தி எங்கே போனாலும் கூடவே வருகிறது. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். இரண்டு ராத்திரி வாடகையை அதால் வகுத்தால் 88 நாள். எங்கள் சேரியில் ஒரு பொம்பளை வருஷம் பூரா ஏரி வெட்டிச் சம்பாதிப்பது எனக்கு இரண்டு ராத்திரிப் படுக்கை.

ஊருக்குத் திரும்பியதும் இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார்: "ஏன் தோழர், நமக்கு எதுக்கு இந்த ஸ்டார் ஓட்டல் எல்லாம்?" அவர் நல்லவர், கேள்வியும் நியாயமானது. இந்தக் கட்டுரையே அவருக்கான பதில்தான். பதில் இரண்டு பாகம். முதல் பாகம், நாம் போகத்தான் வேண்டும் என்பது. இரண்டாவது பாகம், போன இடத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கவே கூடாது என்பது.

முதல் பாகம். ஊர் சுற்றிப் பார்ப்பதும் விடுதியில் தங்குவதும் பணக்காரக் கொழுப்பு, போராட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பார்சி விடுதியில் ஒண்டினார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியே போகச் சொன்னார்கள். அப்புறம் 1934. எல்லோராவையும் தவுலதாபாத் கோட்டையையும் பார்க்க முப்பது பேர் போல ஒரு குழுவாகப் போகிறார்கள். வெறும் சுற்றுலா. கோட்டை வாசல் குளத்தில் முகம் கழுவியதற்கு, குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடி அடிக்க வந்தது. கடைசியில் கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலாளையும் கூட அனுப்பித்தான் உள்ளே விட்டார்கள். மகத் சவுதார் குளத்துப் போராட்டம் முடிந்து ஏழு வருஷம் கழித்து நடந்தது இது. இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மனிதர் தலைமை ஏற்று வரைந்த அரசியல் சட்டத்தில் 15(2)ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் எதற்கு ஓட்டலும் படித்துறையும் வருகின்றன? அங்கேதான் நம்மைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள், அதனால் வருகின்றன.

உலகம் பூராவும் இதே கதைதான். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சி கடற்கரையில் கறுப்பர்கள் கால் நனைக்கக் கூடாது. 1959இல் டாக்டர் கில்பர்ட் மேசன் என்ற கறுப்பு மருத்துவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். அடுத்த வருஷம் ஏப்ரலில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கியபோது வெள்ளையர் கும்பல் கம்பியும் சங்கிலியுமாக வந்து அடித்தது. கடலில் குளிப்பதுதான் போராட்டம், அதற்கு ரத்தம் சிந்தினார்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது யார்? அட்லாண்டாவில் 216 அறை கொண்ட ஒரு விடுதியின் முதலாளி. தோற்றுப் போனான். தென்னாப்பிரிக்காவில் 1953இல் சட்டம் போட்டே கடற்கரையைப் பங்கு பிரித்தார்கள். அந்தச் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது.

ஆகவே தோழரே, கடற்கரையில் சாய்வு நாற்காலி போட்டுப் படுப்பது நமக்குச் சும்மா கிடைத்த சுகம் அல்ல. தர்மபுரி கடல் இல்லாத மாவட்டம். பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போய்வரும் நம் சனங்களில் கடலைப் பார்க்காமலே செத்தவர்கள் எத்தனை பேர்! உழைப்பு மட்டுமே நம் பங்கு, ஓய்வு அவன் பங்கு என்று பிரித்து வைத்ததுதான் சாதி. ஓய்வைக் கேட்பதும் சாதி ஒழிப்பில் சேர்ந்ததுதான்.

ஆனால் காசு கொடுத்து உள்ளே போய்விட்டால் சாதி வாசலோடு நின்றுவிடுமா? நிற்காது. காலைச் சாப்பாட்டு மேசையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், பெரியவர், மரியாதையாகத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"தர்மபுரிங்க."

"தர்மபுரில எந்தப் பக்கம்?"

"அரூர் பக்கம்."

"அட, அங்க நமக்குச் சொந்தபந்தம் நிறைய இருக்குதே. அரூர்ல எந்த ஊரு? நீங்க நம்மாளுங்களா?"

"இல்லீங்க. நாங்க காலனி."

"ஓ, அப்படிங்களா... நல்லதுங்க." அவ்வளவுதான். அப்புறம் இரண்டு நாளும் அவர் கண் என்னைத் தாண்டிப் பவளப்பாறையிலேயே இருந்தது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்தும் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஓடையைத் தாண்ட முடியவில்லை. 2012 நவம்பர் 7இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்திச் சூறையாடிய மாவட்டத்துக்காரன் நான். எனக்கு இது ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை என்பதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 'நகரத்துக்குப் போனால் சாதி போயிடும், காசு வந்தால் சாதி போயிடும்' என்கிற பாட்டை இன்னும் பாடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது பாகம். எதைப் பார்க்க வேண்டும்?

ஹேவ்லாக்கில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் தருவார்கள். ராதாநகர் கடற்கரை முதலில் வரும். 2004இல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று சொன்ன கடற்கரை. அப்புறம் காலாபத்தர், யானைக் கடற்கரை, பவளப்பாறை. சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். அந்தத் தண்ணீரின் நிறத்துக்குத் தமிழில் சொல் தேடி இரண்டு நாள் தோற்றேன். ஆனால் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: ராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ஷ்யாம்நகர், விஜயநகர். இவை யார் வைத்த பெயர்கள்?

தேசப் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து விரட்டப்பட்ட அகதிகளை 1949 முதல் அந்தமானில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாமசூத்திரர்கள். வங்கத்தின் தீண்டப்படாதவர்கள். 1946இல் பம்பாயில் வழி அடைபட்ட அம்பேத்கரை வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பிவைத்த ஜோகேந்திரநாத் மண்டல் பிறந்த சாதி. அந்த உதவி இல்லாவிட்டால் அவர் அந்தச் சபைக்குள் நுழைந்திருப்பதே சந்தேகம். அந்தச் சனங்களைத்தான் காட்டை வெட்டித் திருத்திப் பிழைத்துக்கொள் என்று கப்பலேற்றினார்கள். பாம்பு, மலேரியா, அட்டை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி வயலாக்கினார்கள். 'தீண்டப்படாத' தீவு என்று இன்று விற்கிறார்களே, அதைத் தொட்டுத் தொட்டு ஊராக்கியவர்கள் தீண்டப்படாதவர்கள்தான்.

இதே நாமசூத்திரர்களுக்கு இன்னொரு தீவும் நினைவிருக்கும். தண்டகாரண்யத்தில் கொண்டுபோய்த் தள்ளப்பட்டவர்கள் 1978இல் திரும்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் தாங்களே குடிசை போட்டு, கிணறு வெட்டி, பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டார்கள். அது ஒதுக்கப்பட்ட காடு, புலிக்கான இடம் என்றது மேற்கு வங்க இடதுசாரி அரசு. 1979 ஜனவரியில் படகுகளைச் சுற்றி நிறுத்தி உணவையும் தண்ணீரையும் மறித்தது. மே மாதத்தில் போலீசை விட்டுக் குடிசைகளைக் கொளுத்தி விரட்டியது. செத்தவர் கணக்கு இன்றுவரை ஒழுங்காக வெளிவரவில்லை. அரசாங்கம் காட்டிய தீவில் போய் மாடாய் உழைத்தால் குடியேறிகள். தாங்களாகத் தேர்ந்த தீவில் மனிதராய் வாழ்ந்தால் ஆக்கிரமிப்பாளர்கள்.

யானைக் கடற்கரைக்கு வருவோம். ராஜன் என்று ஒரு யானை ஹேவ்லாக்கில் இருந்தது. கடலில் நீந்தும் யானை என்று உலகப் புகழ். 2016இல் செத்துப் போனது, உலகப் பத்திரிகைகள் எழுதின. மரம் இழுப்பதற்காகக் கொண்டுவந்த யானைகளில் அதுவும் ஒன்று. சரி, யானைகளோடு சேர்ந்து மரம் வெட்டி இழுத்த மனிதர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா? சோட்டா நாக்பூரிலிருந்து 1918 வாக்கில் ஆள் எடுத்து வந்த ஆதிவாசிகள்: ஒராவோன், முண்டா, காரியா. 'ராஞ்சி' என்று ஒற்றைச் சொல்லில் அழைக்கிறார்கள். சாலை, துறைமுகம், காட்டு வேலை எல்லாம் அவர்கள் முதுகில். சொந்த மண்ணில் பழங்குடி, அந்தமானில் பட்டியலில் இல்லை. 1959இல் போட்ட அந்தமான் பழங்குடிப் பட்டியலில் இருப்பது ஆறு தீவு இனங்கள் மட்டும்.

பட்டியல் சாதிகளுக்கு அங்கே பட்டியலே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அந்தமான் நிகோபாரில் தாழ்த்தப்பட்டோர் எண்ணிக்கைக்கு நேராக எதுவும் இல்லை. வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடியாகத் தமிழ் பேசுகிற தீவுகள். இத்தனை தமிழர் போன இடத்தில் நம்மாள் ஒருவன்கூடப் போகவில்லையா? எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் தமிழ். விழுப்புரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் கப்பலேறிய குடும்பம். நான் யார் என்று சொன்ன பிறகு அவன் குரல் மாறியது. "இங்க நமக்கு சர்டிபிகேட் கெடையாதுங்கண்ணா. கேட்டா லிஸ்ட்லயே இல்லங்கிறாங்க. ஆனா கல்யாணம்னு வந்தா மட்டும் என்ன சாதின்னு கேக்கறாங்க." ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. ஆக, உரிமை கடல் தாண்டாது, சாதி மட்டும் தாண்டும். 'அந்தமானில் சாதியே இல்லை, குட்டி இந்தியா' என்று பெருமை பேசுகிறவர்கள் கணக்கேட்டில் அழித்ததைச் சமூகத்திலும் அழித்துவிட்டதாக நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

பெயர் மாற்றத்தில் மட்டும் குறைவில்லை. 1857 எழுச்சியை நசுக்கிய வெள்ளைத் தளபதி ஹேவ்லாக்கின் பெயரை எடுத்துவிட்டு 2018 டிசம்பரில் 'சுவராஜ் த்வீப்' ஆக்கினார்கள். 2024இல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. வெள்ளைக்காரன் பெயர் போகட்டும், நமக்கென்ன நஷ்டம்? ஆனால் அங்கே ஆதியிலிருந்து இருந்தவர்கள் வைத்த பெயர் எது? அதைக் கேட்க இன்று ஆள் இல்லை. 1859 மே 17இல் வில்லும் அம்புமாக வெள்ளையனின் அபர்தீன் முகாமைத் தாக்கியவர்கள் கிரேட் அந்தமானியர்கள். செல்லுலார் சிறைக்குக் கல் நாட்டுவதற்கு முன்னமே நடந்த விடுதலைப் போர் அது. 1863இல் அவர்களுக்கு 'இல்லம்' கட்டிப் பழக்கினார்கள். 1877இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1901இல் 625, 1961இல் 19. 'போ' மொழி பேசிய கடைசிக் கிழவி 2010 ஜனவரியில் இறந்தார். தொட்டதால் செத்த இனம் அது.

இங்கேதான் எதைப் பார்க்கக் கூடாது என்ற கேள்வி வருகிறது.

சுற்றுலாப் பட்டியலில் பாராடாங் சுண்ணாம்புக் குகை என்று ஒன்று இருக்கும். அதற்குச் சாலை வழியாகப் போனால் ஜாரவா காட்டுக்குள் ஜிர்காடாங்கிலிருந்து போலீஸ் பாதுகாப்போடு வண்டி வரிசை போகும். குகைக்கென்று சொல்லிக்கொண்டு போகிறவர்களின் கண் ஜன்னலுக்கு வெளியே ஜாரவாக்களைத்தான் தேடும். 2002இலேயே அந்தப் பகுதியில் சாலையை மூடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில், தின்பண்டத்துக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ உலகம் பூராவும் நாறியது. எங்கள் லாட்ஜுக்காரரும் ஆசை காட்டினார்: "போங்க சார், லக் இருந்தா பாக்கலாம்." நாங்கள் போகவில்லை.

'நீயே தீண்டாமையை எதிர்க்கிறவன், ஜாரவாவை மட்டும் தொடாதே என்கிறாயே' என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். பதில் இருக்கிறது. தீண்டாமை என்பது பலம் உள்ளவன் பலம் இல்லாதவனைச் சுற்றிப் போடுகிற வேலி. உன் உழைப்பு வேண்டும், உன் உடம்பு வேண்டும், நீ வேண்டாம் என்பது. ஜாரவாவும் சென்டினலியும் சொல்வது வேறு: என் காடு, என் உடம்பு, என்னைக் கேட்காமல் வராதே. முன்னது அதிகாரம். பின்னது அதிகாரத்துக்கு எதிரான மறுப்பு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியலாம், இரண்டிலும் 'தொடாதே' என்ற சொல் வருவதால். யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், வித்தியாசம் புரியும். 2018இல் மதம் சொல்லப்போன அமெரிக்கர் வடக்கு சென்டினல் கரையில் உயிரிழந்ததற்காக யாரும் மகிழ வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரை அவர்களுடைய வாசல்படி. ஜாரவாக்கள் 1997 முதல் தாங்களாகவே காட்டை விட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள், மருத்துவமனைக்கும் வந்தார்கள். வருகிற உரிமை அவர்களுடையது. டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கே போகிற உரிமை நமக்கில்லை.

இதை தர்மபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1992 ஜூன் 20இல் சந்தன மரம் தேடுகிறோம் என்று வாச்சாத்திக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பதினெட்டுப் பேரை என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பரில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போக மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காட்டில் இருக்கிறவனைக் கேட்காமல் காட்டுக்குள் நீளும் கை எப்படிப்பட்டது என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

ஒரு கசப்பான விஷயத்தையும் நாமே பேசிவிட வேண்டும். அகதியாய்ப் போன நாமசூத்திரர்களும் கூலியாய்ப் போன ராஞ்சிக்காரர்களும் வெட்டித் திருத்தியது ஆளில்லாத காட்டை அல்ல. தெற்கு, நடு அந்தமானில் ஜாரவாக்களின் வேட்டைக்காடு அப்படித்தான் சுருங்கியது. ஒடுக்கப்பட்டவன் கையில் கோடரி கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவன் காட்டை வெட்டச் செய்தது அரசு. குற்றம் கோடரி கொடுத்தவனுடையது. ஆனால் வெட்டுப்பட்ட காடு யாருடையது என்பதை நாம் மறக்கக் கூடாது. மறந்தால் தலித், ஆதிவாசி ஒற்றுமை என்பது மேடைப் பேச்சாகவே போகும்.

இப்போது கோடரி பெரிதாகிவிட்டது. பெரிய நிகோபாரில் 72,000 கோடி ரூபாய் என்று அறிவித்துத் துறைமுகம், விமான நிலையம், நகரம், சுற்றுலா என்று திட்டம். ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். அதே மாதம் நிகோபாரிகளின் பழங்குடி மன்றம், தாங்கள் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. 2004 சுனாமியில் ஊரை இழந்து குடியிருப்புகளில் கிடக்கும் அவர்கள், எங்கள் பழைய ஊருக்குப் போக விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த நிலம் அது. ஷோம்பென்களிடம் யார் போய் என்ன மொழியில் சம்மதம் கேட்டார்கள்? அங்கேயும் நாளை ஒரு ஓட்டல் வரும். 'தீண்டப்படாத கடற்கரை' என்று விளம்பரம் வரும்.

தோழருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். போங்கள். எல்.எஃப்.சி. இருக்கிறவர்கள் குடும்பத்தோடு போங்கள். இல்லாதவர்கள் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வண்டி பிடித்து மகாபலிபுரமோ பூம்புகாரோ போய்க் கடலில் இறக்கிவிடுங்கள். 15(2) தந்த உரிமையைக் கால் நனைத்துப் பழக வேண்டும். எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்டால் ஒளிக்காதீர்கள், குரலைத் தாழ்த்தாதீர்கள். அறையைக் கூட்டுகிறவரிடம் பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், சம்பளம் கேளுங்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடமும் பரிசல் தள்ளுகிறவரிடமும் இதையே கேளுங்கள். அருவியை மட்டும் பார்த்துவிட்டு வருவது ஊர்க்காரன் பழக்கம். ஜாரவாக்களின் காட்டுச் சாலைக்கு மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். அந்தமான் தலித்துகளுக்குப் பட்டியல், ராஞ்சி ஆதிவாசிகளுக்குப் பழங்குடி உரிமை என்ற கோரிக்கைகளை நம் மாநாட்டுத் தீர்மானங்களில் சேருங்கள். கடல் தாண்டிய நம் சனங்களை நம் கணக்கிலாவது வைப்போம்.